ஒரே பாட்டு, பல பதிவுகள்: ஒப்பிட்டுக் கேட்கும் முறை

ஒரு பொருளை ஒரே ஒரு முறை நிறுத்துப் பார்த்துவிட்டு, "இதுதான் இதன் எடை" என்று எழுதிக் கொடுக்கும் மாணவனை எந்த ஆய்வுக்கூடத்திலும் ஏற்றுக்கொள்வதில்லை. "மறுபடி நிறுத்துக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். காரணம் எளியது. ஒரே அளவீட்டில் பொருளின் குணம் எது, தராசின் குணம் எது, நிறுத்தவனின் கைப்பழக்கம் எது என்று பிரித்தறிய வழியில்லை. பல முறை, பல தராசுகளில் நிறுத்த பின்னரே மாறாமல் நிற்பது எது, மாறிக்கொண்டிருப்பது எது என்பது விளங்கும்.

இசையில் மட்டும் நம்மில் பலர் ஒரே அளவீட்டோடு நின்றுவிடுகிறோம். சிறு வயதில் வீட்டில் எந்தத் தட்டு சுழன்றதோ, கைப்பேசியில் எந்தப் பதிவு முதலில் வந்து விழுந்ததோ, அதுவே நமக்குப் பாட்டு. அதையே மற்றொருவர் வேறு விதமாகப் பாடினால், "கெடுத்துவிட்டார்" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோம்.

ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இது சிறிய செய்தி அன்று. தஞ்சைப் பக்கத்தில் வளரும் குழந்தை ஒரே பாட்டைக் கோயிலில் ஒரு விதமாகவும், கச்சேரியில் ஒரு விதமாகவும், பாட்டியின் வாயால் வேறொரு விதமாகவும் கேட்க இடமுண்டு. ஜனக்புரியில் வளரும் குழந்தைக்குப் பெரும்பாலும் கைப்பேசியே ஆசிரியர். அந்த ஆசிரியரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாதவர், சொன்னதையே சொல்பவர். அவரிடம் பாடம் கேட்கும் குழந்தை, பாடகரின் பழக்கத்தைப் பாட்டின் விதி என்று கற்றுக்கொள்ளும். இந்த மயக்கத்திலிருந்து விடுபட ஒரு வழி உண்டு. அதுவே ஒப்பிட்டுக் கேட்பது. நான் பௌதிகம் பயிலும் எம்.எஸ்ஸி. மாணவி; சங்கீதம் முறையாகக் கற்றவள் அல்லேன். ஆயினும் அளவெடுப்பதில் பழகியவள் என்ற உரிமையில், ஒப்பிட்டுக் கேட்பது எப்படி என்பதை இங்கே சொல்ல முற்படுகிறேன்.

1. முதலில் பியானோ ஏன்?

ஒரு சோதனையைத் தொடங்குமுன், மாறக்கூடியவற்றை முடிந்தவரை குறைத்துக்கொள்வது விஞ்ஞான வழக்கம். இசையில் அதற்கு ஏற்ற கருவி பியானோ. சுமார் 1700ஆம் ஆண்டில் இத்தாலியில் புளோரன்ஸ் நகரத்துக் கிறிஸ்டோபோரி என்பவர் அமைத்த கருவி அது. இன்றைய பியானோவில் 88 கட்டைகள் உள்ளன. ஒரு கட்டையை அழுத்தினால், உள்ளே ஒரு சிறு சுத்தி எழும்பிக் கம்பியை அடிக்கிறது. இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தி கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுவிடும். எறிந்த கல்லைப் போல் அது தானே பறந்து சென்று அடிக்கிறது. அதன் பிறகு வாசிப்பவர் அந்த ஒலியைப் பெருக்கவோ, வளைக்கவோ, அசைக்கவோ முடியாது. விரலை எடுக்கும்போது ஒலி அடங்கும். காலால் மிதியை அழுத்தினால் அடங்காமல் தொடரும். அவ்வளவே.

வீணையிலோ கம்பியை இழுத்து ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லலாம். குரலுக்குச் சொல்லவே வேண்டாம். பியானோவில் அந்தச் சுதந்திரம் இல்லை. அதன் ஸ்வரத் தானங்கள் பன்னிரண்டும் சம இடைவெளியில் முன்கூட்டியே சுருதி சேர்க்கப்பட்டவை. ஆகவே பியானோ வாசிப்பவர் கையில் இருப்பவை நான்கே: எப்போது அடிப்பது, எவ்வளவு விசையோடு அடிப்பது, எவ்வளவு நேரம் பிடிப்பது, மிதியை எப்போது அழுத்துவது. மேலும், மேனாட்டுச் செவ்விசையில் எந்த ஸ்வரத்துக்குப் பின் எந்த ஸ்வரம் என்பதை ஆசிரியர் தாளில் எழுதியே வைத்துவிடுகிறார். அப்படியிருந்தும் இரண்டு பேர் வாசித்தால் இரண்டு விதமாகக் கேட்கிறது. எழுத்து ஒன்று, கருவி ஒன்று, உரிமை நான்கே; ஆயினும் இசை வேறு. ஒப்பிடும் கலையைப் பழகுவதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

2. ஒரே மனிதர், இரண்டு பதிவுகள்

வேறுபாடு என்றதும் நம் காதில் முதலில் படுவது வேகம். சென்னையைச் சேர்ந்த சிறுவர் லிடியன் நாதஸ்வரம் 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் ரிம்ஸ்கி-கோர்சகோவின் வண்டுப் பறப்பு இசையைப் பியானோவில் வாசித்தார். முதலில் நிமிடத்துக்கு 208 தட்டு என்ற வேகம். பிறகு 325 தட்டு. உலகமே வியந்தது. வியப்பு நியாயமானதே. ஆனால் வேகம் என்பது ஒப்பீட்டின் வாசற்படி மட்டுமே. வீட்டுக்குள் நுழைய வேறோர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்.

ஜெர்மானிய இசை ஆசிரியர் யோகான் செபாஸ்டியன் பாக் 1741இல் ஒரு நூலை வெளியிட்டார். அதை இன்று 'கோல்ட்பெர்க் வேறுபாடுகள்' என்று அழைக்கிறார்கள். முதலில் ஏரியா என்னும் அமைதியான ஒரு பகுதி. அதன் அடிச் ஸ்வரங்களின் போக்கை அடித்தளமாக வைத்து 30 வேறுபாடுகள். முடிவில் மீண்டும் அதே ஏரியா. இது பியானோவுக்காக எழுதப்பட்டதன்று. இரண்டு வரிசைக் கட்டைகள் உடைய ஹார்ப்சிகார்டுக்காக எழுதப்பட்டது. வாண்டா லாண்டோவ்ஸ்கா என்னும் அம்மையார் 1933இல் அதை ஹார்ப்சிகார்டிலேயே வாசித்துப் பதிவு செய்தார்.

கனடா நாட்டவரான கிளென் கூல்ட் 1955ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நியூயார்க்கில் இதைப் பியானோவில் பதிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 22. என்னைவிட ஒரு வயது இளையவர். அந்தப் பதிவு அவரை உலகறியச் செய்தது. பிறகு 1981இல், 48ஆம் வயதில், அதே நியூயார்க்கில் அதே இசையை அவரே மறுபடி பதிவு செய்தார். அது வெளிவந்த சில நாள்களிலேயே, 1982 அக்டோபர் 4ஆம் நாள் காலமானார். ஒரே மனிதர், ஒரே எழுத்து, இடையே 26 ஆண்டுகள். சோதனைக்கு இதைவிட என்ன வேண்டும்?

முதல் பதிவு சுமார் 38 நிமிடம். இரண்டாவது சுமார் 51 நிமிடம். இதைக் கண்டதும், "வயதானபின் மெதுவாக வாசித்தார்" என்று சொல்லத் தோன்றும். இங்கேதான் நிதானம் வேண்டும். பாக் ஒவ்வொரு பகுதியையும் இருமுறை வாசிக்கும்படி குறித்திருக்கிறார். கூல்ட் 1955இல் எதையும் திருப்பி வாசிக்கவில்லை. 1981இல் சில வேறுபாடுகளின் முதற்பாதியை மட்டும் திருப்பி வாசித்தார். ஆகவே மொத்த நேரத்தைக் கொண்டு வேகத்தைக் கணித்தால் தவறான விடையே வரும். இரண்டு பதிவிலும் ஒரே அளவு வாசிக்கப்பட்ட பகுதியை எடுக்க வேண்டும். முதல் ஏரியா அத்தகையது. இரண்டிலும் திருப்புதல் இல்லை.

அந்த ஏரியாவில் 32 பகுப்புகள். ஒவ்வொன்றிலும் 3 தட்டுகள். ஆக 96 தட்டுகள். 1955இல் அதை ஏறத்தாழ 1 நிமிடம் 53 விநாடியில் முடிக்கிறார். அதாவது நிமிடத்துக்குச் சராசரி 51 தட்டு. 1981இல் ஏறத்தாழ 3 நிமிடம் 5 விநாடி ஆகிறது. நிமிடத்துக்குச் சராசரி 31 தட்டு. இப்போது துணிந்து சொல்லலாம்: ஏரியாவை மெய்யாகவே மிக மெதுவாக வாசித்திருக்கிறார்.

எது சரி? பாக் அந்த ஏரியாவுக்கு வேகக் குறிப்பு எதுவும் எழுதவில்லை. ஆகவே இரண்டும் எழுத்துக்கு மாறானவை அல்ல. 51 என்பதும் 31 என்பதும் கூல்டின் குணம். 96 தட்டும், அவற்றின் அடியில் இறங்கிச் செல்லும் ஸ்வரப் போக்கும் பாட்டின் குணம். ஒரு பதிவை மட்டும் கேட்டவன் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் கேட்டவனுக்கு அது தானே பிரிந்து நிற்கும்.

3. பெயரைக் கேட்கிறோமா, இசையைக் கேட்கிறோமா?

ஒப்பிடுபவனுக்குப் பெரும் பகை, பதிவின் உறைமேல் அச்சிட்ட பெயர். இதற்கு மறக்க முடியாத சான்று ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ஜாய்ஸ் ஹாட்டோ என்னும் பியானோக் கலைஞர் இருந்தார், 2006இல் மறைந்தார். நோயுற்று மேடையை விட்டு விலகிய பின் அவர் வாசித்தவை என்று அவருடைய கணவர் நூற்றுக்கும் மேற்பட்ட குறுந்தகடுகளை வெளியிட்டார். கடினமான இசை எதுவாயினும் அவர் பெயரில் ஒரு பதிவு இருந்தது. விமரிசகர் பலர் புகழ்ந்து எழுதினர்.

2007 பிப்ரவரியில் உண்மை வெளிப்பட்டது. ஹாட்டோவின் குறுந்தகடு ஒன்றைக் கணினியில் இட்டபோது, அது லாஸ்லோ சைமன் என்னும் வேறொரு கலைஞரின் பெயரைக் காட்டியது. ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே பதிவு! அதே காலத்தில், லண்டன் பல்கலைக் கழகத்தின் ராயல் ஹாலோவேயில் ஆராய்ச்சியாளர் சிலர் ஷோப்பானின் மசூர்க்கா இசைகளைப் பலர் வாசித்த பதிவுகளை எடுத்து, ஒவ்வொரு தட்டும் எத்தனையாவது விநாடியில் விழுகிறது என்று அளந்துகொண்டிருந்தனர். அவர்கள் தேடியது திருட்டையன்று, வாசிப்பவரின் பாணியை. ஆனால் ஹாட்டோவின் அளவும் யூஜின் இஞ்ஜிக் என்னும் கலைஞரின் அளவும் அச்சில் வார்த்தாற்போல் ஒத்திருக்கக் கண்டனர். இரண்டு மனிதர் ஒருபோதும் அப்படி வாசிக்க இயலாது. ஒரே மனிதர்கூட இரண்டு நாள் அப்படி வாசிப்பதில்லை. பிற்பாடு கணவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிறருடைய பதிவுகளை எடுத்து, சிலவற்றைச் சற்றே நீட்டியும் சுருக்கியும், மனைவியின் பெயரில் விற்றிருந்தார்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். உருக்கமான கதையோடு கூடிய ஒரு பெயர், தேர்ந்த காதையும் மயக்கும் என்பது ஒன்று. பொறுமையாக ஒப்பிட்டு அளந்தால் மயக்கம் தெளியும் என்பது மற்றொன்று.

4. கேட்கும் முறை

இனி, நம் அறையிலேயே இந்தச் சோதனையைச் செய்யும் முறையைச் சொல்கிறேன். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு கைப்பேசி, ஒரு தாள், ஒரு தோழி அல்லது தோழன் போதும்.

முதலாவது, ஒரு பாட்டின் மூன்று பதிவுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு போதாது, இரண்டு மட்டும் இருந்தால் மனம் உடனே வழக்காடத் தொடங்கி, யார் வென்றவர் என்று கேட்கும். மூன்று இருந்தால் கவனிக்கத் தொடங்கும்.

இரண்டாவது, பெயரை மறைக்க வேண்டும். தோழி பதிவுகளைக் குலுக்கிப் போட்டு ஒலிக்கச் செய்யட்டும். கேட்பவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டு எழுதிக்கொள்ளட்டும்.

மூன்றாவது, ஒலியின் அளவைச் சமப்படுத்த வேண்டும். சற்று உரக்க ஒலிப்பது சிறந்ததாகத் தோன்றுவது மனிதக் காதின் இயல்பு. அதேபோல், பழைய தட்டின் இரைச்சல் சிலருக்கு மதிப்பையும் சிலருக்கு வெறுப்பையும் எழுப்பும். அது இயந்திரத்தின் குரல், கலைஞரின் குரல் அன்று என்று ஒதுக்கிவிட வேண்டும். கூல்டின் இரண்டு பதிவுகளில் பியானோக்களும் வேறு வேறு. 1955இல் ஸ்டைன்வே, 1981இல் யமஹா. இதையும் ஒரு மூலையில் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜனக்புரி மேற்கு நிலையத்தில் மெஜந்தா வண்டி ஏறிக் காதில் ஒலிவாங்கியைச் செருகிக்கொண்டு போவது எனக்கும் வழக்கந்தான். ஆனால் வண்டியின் இரைச்சலில் மெல்லிய ஸ்வரங்கள் மூழ்கிவிடும். அங்கே கேட்டால் உரக்க வாசிப்பவர்தாம் வெல்வார். ஒப்பிட வேண்டுமானால் இரவில், கதவைச் சாத்திக்கொண்டு கேட்க வேண்டும்.

ஐந்தாவது, முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் ஒப்பிடக் கூடாது. அரை நிமிடத்துக்கு மேற்படாத ஒரு துண்டை எடுத்து, மூன்றிலும் அதையே திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கேள்வி. ஒரு முறை வேகம். ஒரு முறை வேகம் எங்கே தளர்கிறது என்பது. ஒரு முறை எந்த ஸ்வரம் அழுத்தம் பெறுகிறது என்பது. ஒரு முறை மௌனம். எங்கே நிறுத்தி மூச்சு விடுகிறார்கள் என்பது.

ஆறாவது, பழைய இசைத்தட்டாயின் ஓர் எச்சரிக்கை. நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பெயரளவுக்குத்தான். எல்லாத் தட்டுகளும் சரியாக அந்த வேகத்தில் பதிவானவை அல்ல. தட்டு நூற்றுக்கு 6 பங்கு வேகமாகச் சுழன்றால், சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை ஏறிவிடும், காலப்பிரமாணமும் கூடிவிடும். மேலும் 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிடமே அடங்கும். பழைய தட்டில் ஒருவர் விரைந்து பாடினால், அது அவர் விருப்பமா, தட்டின் கட்டாயமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

இம்முறையில் எங்கள் அறையில் ஓர் இரவு கூல்டின் இரண்டு ஏரியாக்களையும் தோழியர் மூவருக்குப் பெயர் சொல்லாமல் ஒலிக்கச் செய்தேன். அரை நாழிகைக்குள் மூன்றாவது பதிவைத் தேட முடியாததால் இரண்டோடு தொடங்கினோம். மூவரும் மேனாட்டு இசை அறியாதவர்கள். ஒருத்தி முதலாவதைக் கேட்டு, "இது எங்கேயோ போய்ச் சேர வேண்டும் என்று நடக்கிறது" என்றாள். மற்றொருத்தி இரண்டாவதைக் கேட்டு, "இதற்குப் போக வேண்டிய இடமே இல்லை, நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது" என்றாள். மூன்றாமவள், "அதெல்லாம் இருக்கட்டும், கூடவே யாரோ முனகுகிறார்களே, அது யாரடி?" என்று கேட்டாள். வாசிக்கும்போது வாய்க்குள் பாடிக்கொள்வது கூல்டின் பேர்பெற்ற வழக்கம்; இரண்டு பதிவிலும் அது காதில் விழும். வாசித்தவர் ஒருவரே என்பதற்கு அதுவே சாட்சி என்று சொன்னேன். முதலிருவரும் நம்ப மறுத்தார்கள்.

5. நம் வீட்டுப் பாட்டு

பியானோவில் பழகிய காதோடு இப்போது நம் பாட்டுக்கு வருவோம். இங்கே சோதனை கடினமாகிறது. நம் குரலுக்குக் கமகம் உண்டு, சங்கதி உண்டு, ஆசிரியர் எழுதி வைத்ததைவிட எழுதாமல் விட்டது அதிகம். ஆகவே பாட்டின் குணம் எது, பாடுபவரின் குணம் எது என்ற கேள்வி இங்கே இன்னும் கூர்மையாகிறது.

சென்ற பொங்கலின்போது எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு கொண்டாட்டத்தில் ஒரு சிறுமி பாரதியாரின் 'சின்னஞ்சிறு கிளியே' பாட்டைப் பாடினாள். அவள் தில்லியிலேயே பிறந்தவள். நான் இருக்கும் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் வசிப்பவள். என்னை அக்கா என்று அழைப்பவள். கும்பகோணத்திலிருந்து வந்து தங்கியிருந்த அவளுடைய பாட்டி, தாம் சிறு வயதில் கற்றபடி அதைப் பைரவியில் சொல்லிக் கொடுத்திருந்தார். பாடி முடித்ததும் பெரியவர் ஒருவர் அவளை அருகில் அழைத்து, "நன்றாய்ப் பாடினாய் குழந்தை. ஆனால் மெட்டு தப்பு. பாரதியார் மெட்டு இப்படியில்லை" என்று சொல்லி, தாம் அறிந்த மெட்டில் முதலடியைப் பாடிக் காட்டினார். சிறுமி பாட்டியின் முகத்தைப் பார்த்தாள். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பல நாள் அந்தப் பெண் அந்தப் பாட்டைப் பாடவேயில்லை.

பெரியவர் பாடிக் காட்டிய மெட்டு நம் அனைவருக்கும் தெரிந்ததே. 1951இல் என். எஸ். கிருஷ்ணன் இயக்கிய 'மணமகள்' படத்தில், சி. ஆர். சுப்பராமன் இசையமைப்பில், எம். எல். வசந்தகுமாரியும் வி. என். சுந்தரமும் பாடியது அது. காபியில் தொடங்கி இராகமாலிகையாக வளரும் அந்தப் பாட்டின் அழகை யார் மறுப்பார்? பிறகு அது கச்சேரி மேடைக்கும் ஏறியது. எம். எல். வி.யின் மாணவியாகிய சுதா ரகுநாதன் பாடியிருக்கிறார். மகாராஜபுரம் சந்தானம் பாடியிருக்கிறார். 1987இல் வந்த 'நீதிக்குத் தண்டனை' படத்தில் எம். எஸ். விசுவநாதன் இசையில் ஜேசுதாசும் சுவர்ணலதாவும் இதே பாட்டைப் பாடினர். சுவர்ணலதாவின் திரைப்பாட்டு வாழ்வு அதில்தான் தொடங்கியது.

ஆனால் பாரதியார் மறைந்தது 1921இல். 'மணமகள்' வெளிவந்தது அதற்கு 30 ஆண்டுகள் கழித்து. இடையில் 1949இல் அன்றைய சென்னை அரசாங்கம் பாரதி நூல்களின் உரிமையைப் பெற்று நாட்டுடைமை ஆக்கியது. யார் வேண்டுமானாலும் மெட்டமைத்துப் பாட வழி திறந்தது. அந்த வழியில் வந்த மெட்டுகளில் ஒன்றே, மிக அழகிய ஒன்றே, இன்று நாம் அறிந்த மெட்டு.

அப்படியானால் பாரதியார் எழுதி வைத்தது என்ன? 'கண்ணன் பாட்டு' முதலில் 1917இல் வெளிவந்தது. அந்நூலில் இந்தப் பாட்டின் தலைப்பைப் புரட்டிப் பாருங்கள். இராகம் பைரவி, தாளம் ரூபகம் என்று இருக்கும். அதன் கீழே சில ஸ்வர வரிசைகள் இருக்கும். அவற்றை மாதிரியாக வைத்துக்கொண்டு, மனத்தின் போக்குக்கு ஏற்ப மாற்றிப் பாடலாம் என்னும் கருத்துப்பட ஒரு குறிப்பும் இருக்கும்.

இந்தக் குறிப்பு ஒரு சிறிய புதையல். பாக் ஏரியாவுக்கு வேகம் குறிக்காமல் விட்டார். அது மௌனமாகத் தந்த உரிமை. பாரதியாரோ மௌனமாகத் தரவில்லை, எழுதியே கொடுத்துவிட்டார். மாதிரி இது, மாற்றுவது உன் மனம் என்கிறார். அதாவது, மாறலாம் என்பதே இந்தப் பாட்டின் மாறாத குணங்களில் ஒன்று!

இப்போது இரண்டு வடிவங்களையும் நம் முறைப்படி ஒப்பிடுவோம். பைரவி வடிவில் இராகம் ஒன்றே. கொஞ்சலும் ஏக்கமும் உருக்கமும் அந்த ஓர் இராகத்துக்குள்ளேயே வர வேண்டும். ஓர் அடியிலிருந்து அடுத்த அடிக்கு உணர்ச்சி மாறும்போது, அந்த மாற்றத்தைக் காட்டும் பொறுப்பு முழுவதும் பாடுபவர் தலையில் விழுகிறது. இராகமாலிகையிலோ இராகம் மாறும்போதே நிறமும் மாறிவிடுகிறது. அந்தப் பொறுப்பில் பெரும்பங்கை மெட்டமைத்தவர் ஏற்றுக்கொள்கிறார். திரைவடிவில் ஆண்குரலும் பெண்குரலும் மாறி மாறி வருவதால், தாயும் தந்தையும் சேர்ந்து குழந்தையைக் கொஞ்சுவதுபோல் ஆகிறது. ஒற்றைக் குரலில் பாடினால், ஓர் உள்ளம் தன்னந்தனியே தெய்வத்தைக் குழந்தையாக்கிப் பேசுவதுபோல் ஆகிறது. சொல் ஒன்றே. ஒன்றில் வீடு தெரிகிறது. மற்றொன்றில் உள்ளம் தெரிகிறது. இவற்றில் எதைத் தப்பு என்பது?

நூலை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெரியவரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். "சரிதான் அம்மா, இருக்கிறது. ஆனாலும் எனக்கு அந்தப் பாட்டுதான் பாட்டு" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதன்முதல் கேட்ட வடிவத்தின்மேல் உள்ள அன்பு, முதன்முதல் உண்ட கைச்சோற்றின்மேல் உள்ள அன்பு போன்றது. அது இருக்கட்டும். அந்த அன்பைச் சட்டமாக்கி ஒரு குழந்தையின் வாயை அடைப்பதுதான் கூடாது. பிறகு பாட்டியிடமும் பேத்தியிடமும் அதே பக்கத்தைக் காட்டினேன். "எங்கள் வாத்தியார் சரியாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்" என்று பாட்டி மெல்லச் சொன்னார். சிறுமி கேட்டது வேறு: "அக்கா, அப்படியென்றால் நானும் கொஞ்சம் மாற்றலாமா?"

6. முடிவாக

அந்தக் கேள்வியே ஒப்பிட்டுக் கேட்பதன் பயன். ஒப்பிடுவது யாருக்குப் பரிசு கொடுப்பது என்று தீர்ப்புச் சொல்வதற்கன்று. பாட்டில் எது நிலையானது, எது கலைஞர் தந்தது என்று கண்டு, நிலையானதைக் காத்துக்கொண்டு, மற்றதில் நமக்கும் இடமுண்டு என்று உணர்வதற்கே. ஒரே பதிவைக் கேட்டு வளர்பவன் நகல் எடுக்கக் கற்கிறான். பல பதிவுகளைக் கேட்டு வளர்பவன் பாடக் கற்கிறான். ஊரிலிருந்து இத்தனை தொலைவில் நம் பாட்டு அடுத்த தலைமுறைக்கு நகலாகப் போய்ச் சேர வேண்டுமா, பாட்டாகப் போய்ச் சேர வேண்டுமா என்பது நம் கையில் இருக்கிறது.

ஆகவே நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் ஆளுக்கொரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கீர்த்தனையாயினும் சரி, பாரதி பாட்டாயினும் சரி, தாலாட்டாயினும் சரி. மூன்று பதிவுகளைத் தேடுங்கள். அவற்றுள் ஒன்று அச்சில் வராததாக இருக்கட்டும். ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பாடச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். சுருதி சற்று விலகினாலும் பரவாயில்லை. நடுவே அடுப்பில் பால் பொங்கி அவர் எழுந்து ஓடினாலும் பரவாயில்லை. அந்தப் பதிவை மற்ற இரண்டோடும் வைத்து, மேலே சொன்ன முறைப்படி கேட்டு, கண்டதை ஒரு பக்கம் எழுதுங்கள். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அவற்றைப் படித்துப் பார்ப்போம்.